மைக்கில் வராத அறிவுரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கலைஞர்களுக்குப் பாராட்டு விழா எது நடந்தாலும் ஒரு கேள்வி தப்பாமல் வந்துவிடும். பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, படம் எடுத்து முடித்ததும் அறிவிப்பாளர் மைக்கை நீட்டுவார். "ஐயா, இளைய தலைமுறைக்கு நீங்கள் சொல்ல விரும்புவது என்ன?" பதிலும் நமக்கெல்லாம் ஏறக்குறைய மனப்பாடம்தான். தமிழை மறக்காதீர்கள், பெற்றோரை மதியுங்கள், விடாமுயற்சி வேண்டும். கைதட்டல். அப்புறம் மீகூன் (சேமியா) பொட்டலம்.

ஒருமுறை இந்த வழக்கம் உடைந்ததைப் பார்த்தேன். மேடையில் நின்றவர் உறுமி மேளம் வாசிக்கும் உறுமிக்காரர். எழுபதைத் தாண்டியவர். லிந்தாங் சாலைப் பக்க ரப்பர் தோட்டமொன்றில் முப்பது வருடம் மரம் சீவியவர். மைக்கை வாங்கினார், கொஞ்ச நேரம் அதையே பார்த்தார், "என்னத்தச் சொல்றது தம்பி... எல்லாரும் நல்லா இருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அறிவிப்பாளருக்கு முகம் செத்துவிட்டது.

பத்து நிமிடம் கழித்து மண்டபத்தின் பின்புறம் போனேன். அங்கே அதே மனிதர் ஒரு பையனை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். அவன் வாசித்து முடித்த உறுமியைச் சிமெண்டுத் தரையில் குப்புற வைத்திருக்கிறான். "அதுக்கு வாய் அதுதான்டா. ஒன்ன இப்படி மண்ணுல வாய வச்சிக் கெடத்துனா மூச்சு விடுவியா?" குந்தி உட்கார்ந்தார். உறுமியை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு தோள் துண்டால் துடைத்தார். பையனின் கட்டை விரலைப் பிடித்துத் தோலின் ஓரத்தில் வைத்தார். "இங்க அமுக்கு. இப்ப இந்தப் பக்கம். ரெண்டும் ஒண்ணா இருக்கா?"

"இல்ல தாத்தா."

"அப்ப ஏன்டா வாசிச்ச?"

மேடையில் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் இதுதான். கேட்டவர்தான் அங்கே இல்லை. தோட்டத்துக் கலைஞர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொன்னது இப்படித்தான் பெரும்பாலும் மேடைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. எது சொல்லப்பட்டது, எங்கே, எந்த நேரத்தில், பிறகு ஏன் அது நின்றுபோனது என்று பார்த்தால், தோட்டத்தின் கதை பாதி அதற்குள் வந்துவிடும்.

முதலில் அந்த வாத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். உறுமிக்கு இரண்டு முகம், இடுப்பு ஒடுங்கிய உடம்பு. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அடிவயிற்றிலிருந்து கிளம்புகிற மாதிரி ஓர் ஓசை வரும். சாமி வருகிறவர்களுக்கு உடம்பு சிலிர்ப்பது அதில்தான். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கேட்டால் வாயால் சொல்ல முடியாது. கூட அழுத்தினால் குச்சி நின்றுவிடும், குறைத்தால் வழுக்கும். பழைய ஆட்கள் பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பார்கள். அறிவுரை கை வழியாகப் போகும். இதை மைக்கில் எப்படிச் சொல்வது?

சரி, அதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில் கலையை விட்டுவிட்டு மரத்தைப் பார்க்க வேண்டும்.

பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பட்டைக்குள் இருக்கும் பால் குழல்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய்விடும், அழுத்தம் இறங்கும், பால் மந்தமாகும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, இருட்டோடு நெற்றி விளக்கு. சீவி முடித்து, மங்கு என்ற கிண்ணத்தில் இறங்கிய பாலைச் சேர்த்து, காண்டா என்ற தோள் கம்பில் வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துக் கொடுத்துவிட்டால் மதியம் தாண்டும்போது வேலை முடிந்துவிடும். கூலி கொஞ்சம், உடம்பு நோவு அதிகம். ஆனால் பிற்பகல் கையில் இருந்தது. ஆறு மணி வரை தொழிற்சாலையில் நிற்கிறவனுக்கு இல்லாத பிற்பகல் அது.

அதைவிட முக்கியம் மழை நாள். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் மரம் முழுக்கப் பரவி ஓடும். மங்கில் விழுவதும் தண்ணீராகிவிடும். விடியலில் மழை பிடித்தால் அன்றைக்குச் சீவ முடியாது, கூலி அடிபடும். வீட்டில் அம்மாக்கள் வானத்தைத் திட்டுவார்கள். நாடக வாத்தியார் மட்டும் உள்ளூரச் சந்தோஷப்படுவார், ஏனென்றால் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பகலிலேயே கையில் கிடைப்பார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலோ கோயில் மண்டபத்திலோ ஆர்மோனியத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒத்திகை. சுற்றிலும் பிள்ளைகள். யாரும் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை, வெளியே மழை, அவ்வளவுதான். வசனம் மறந்த ராஜாவுக்கு விழுகிற திட்டு, தாளம் பிசகினால் வருகிற உதட்டுச் சுழிப்பு, "அழுவுற எடத்துல ஏன்டா கத்துற" என்ற கேள்வி எல்லாம் அவர்கள் காதில் விழும். மலாயாத் தோட்டங்களில் கலை கைமாறிய பள்ளிக்கூடம் இதுதான் என்று சொல்வேன். அதற்குக் கால அட்டவணை போட்டது மரமும் மழையும்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டவை.

ஒன்று, இந்தக் கலையை விட்டுவிடாதே. இன்னொன்று, என்னை மாதிரி ஆகிவிடாதே.

இரண்டாவதற்கும் ஒரு பின்னணி உண்டு. பெரியார் 1929-லும் 1954-லும் மலாயாவுக்கு வந்து போனார். சிங்கப்பூரில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952-இல் தொடங்கிய தமிழர் திருநாள் மலாயாவுக்கும் பரவியது. சீர்திருத்தப் பேச்சு தோட்டத்து மேடைக்கும் ஏறியது. அதுவரை அரிச்சந்திரனும் நல்லதங்காளும் அழுத மேடையில் கள்ளுக்கடைக்குப் போய்க் குடும்பத்தைத் தொலைத்தவன் கதை வந்தது, பெண்ணைப் படிக்க வைக்காத அப்பன் கதை வந்தது. முன்வரிசையில் தோட்டத்து எழுத்தரான கிராணியும் ஆட்களை மேய்க்கும் கங்காணியும் உட்கார்ந்திருப்பார்கள். கள்ளைத் திட்டிய நாடகத்தை முடித்துவிட்டு நேராகக் கள்ளுக்கடைக்குப் போன நடிகர்களும் உண்டு. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் வசனம் பிள்ளைகள் மனதில் பதிந்தது. படி. இந்த லயத்தை, இந்தத் தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வெளியே போ.

வெளியே போக வழியும் மெல்லத் திறந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்து பின்னாளில் அமைச்சரான துன் சம்பந்தன் இங்கே உருவாக்கிய மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். நேருவின் தங்கை ஒரு தோட்டத்து ஊருக்கு வந்து தமிழ்ப்பள்ளியைத் திறக்கிறார் என்றால் அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய செய்தி! கூத்தில் கட்டியக்காரன் வேடம் போட்டவர்கூட மகன் கிராணியாக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். தனக்குப் பின் அவன் கட்டியக்காரனாக வேண்டும் என்று யார் ஆசைப்பட்டார்கள்?

தப்பு மேளம், உறுமி விஷயத்தில் இன்னொரு சுமையும் இருந்தது. வாசிப்பவரின் சாதி என்னவென்று கேட்காமலே ஊர் தீர்மானித்துவிடும். சாமிக்கு அந்த மேளம் வேண்டும், அடிப்பவர் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். அதைப் பட்டு அனுபவித்த ஒருவர் மகனிடம் குச்சியைக் கொடுக்கத் தயங்கினால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல வாசிப்புக்காரர்கள் பலருக்கு வாரிசு இல்லாமல் போனதற்கு இளைஞர்களின் அலட்சியம்தான் காரணம் என்று மேடைகளில் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. பிள்ளைகள் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டார்கள். இரண்டு அறிவுரையில் இரண்டாவதைக் கேட்டார்கள்.

இதற்கிடையில் தோட்டமே ஆட்டம் கண்டது. சுங்கை சிப்புட் என்றால் வரலாற்றுப் புத்தகங்களில் 1948 ஜூன் 16 வரும். எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிறந்தது. ஊரடங்கில் இராக்கூத்து நடக்குமா? ஐம்பதுகளில் துரைமார் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் 10 வெள்ளி (மலாயா டாலர்) 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கித் தோட்டம் சேர்த்தார்கள். பல இடங்களில் அது கைகொடுத்தது. எல்லா இடத்திலும் முடியவில்லை.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்று வந்தது. குடியுரிமை இல்லாத அந்தச் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரக்கணக்கில் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், தமிழ்நாட்டிலிருந்து கூத்தையும் பாட்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். ரஜுலா கப்பல் நாகப்பட்டினத்துக்கு எத்தனை வாத்தியார்களைத் திருப்பிக் கொண்டுபோனது என்று யாரும் கணக்கு வைத்ததில்லை.

மிச்சத்தை எண்ணெய்ப்பனையான செம்பனை முடித்தது. பால்மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது ஆள் வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும், வெட்டியதை அன்றைக்கே ஆலைக்குக் கொண்டுபோனால் சரி. நூறு குடும்பம் பிழைத்த இடத்தில் சிலர் போதும். லயம் காலியானது. சனங்கள் டவுனுக்கும், ஈப்போ பக்கத்துப் புறம்போக்குக்கும், பிறகு தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் போனார்கள். தோட்டத்தில் இருபது வீடு ஒரே கூரையின் கீழ். ஒரு வீட்டில் தாலாட்டுப் பாடினால் இருபது வீட்டுப் பெண்களும் கற்றுக்கொள்வார்கள். தாமானில் வீட்டுக்கு வீடு இரும்புக் கதவு. மகன் ஷிப்டு வேலையிலிருந்து வந்து தூங்குகிறான், மேளச் சத்தம் ஆகாது. இங்கே மழை பெய்தாலும் யாருக்கும் விடுமுறை கிடையாது.

பெண்களின் பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களிடம் யாரும் மைக் நீட்டுவதில்லை. நாட்டுப்புறப் பாடல்களை எழுதி வைத்த முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் இல்லாவிட்டால் கையில் இருப்பதும் போயிருக்கும். நானும் ஒரு சமயம் போனைத் தூக்கிக்கொண்டு, ஒப்பாரி பாடுவதில் பேர்போன ஒரு பாட்டி வீட்டுக்குப் போனேன். "ஒரு ரெண்டு ஒப்பாரி பாடுங்க பாட்டி, பதிஞ்சி வச்சிக்கிறேன்" என்றேன். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல பாட்டி. சும்மா..."

"சும்மா ஒப்பாரி வைப்பாங்களா? வெளக்கேத்துற நேரத்துல வந்து கேக்குற பாரு. எந்திரி."

பிறகு மைலோ கலக்கிக் கொடுத்தார், தாலாட்டு ஒன்று பாடினார். ஒப்பாரி கடைசிவரை பாடவில்லை. எனக்கு அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த மறுப்புதான். ஒப்பாரிக்கு ஒரு நேரம் உண்டு, ஒரு வாசல் உண்டு. அந்தந்தப் பிணத்தின் பெயரும் உறவும் உள்ளே வந்து விழுந்தால்தான் பாட்டு நிறையும். வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவனிடம் அதைக் கொடுக்கக் கூடாது. பாட்டி இதையெல்லாம் விளக்கவில்லை. எந்திரி என்று சொன்னார்.

நன்னூல் மாணாக்கரை வகை பிரிக்கும்போது நெய்யரியை ஒருவனுக்கு உவமை சொல்லும். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வடிகட்டி அது. போன் கேமராவையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று அன்றைக்கு வீடு திரும்பும்போது தோன்றியது. கொஞ்சம் அநியாயம்தான். பதிவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பதிவில் சத்தம் இருக்கும், "அப்ப ஏன்டா வாசிச்ச" இருக்காது.

யுனெஸ்கோ 2003-இல் கொண்டுவந்த தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுக்கான உடன்படிக்கையும் பாதுகாப்பு என்பதற்குள் ஆவணப்படுத்துவதோடு கைமாற்றிக் கொடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. மலேசியா 2013-இல் அதில் இணைந்தது. மாக் யோங் நாடகம், டொன்டாங் சாயாங் பாட்டு, சீலாட் தற்காப்புக் கலை, பந்துன் கவிதை, சொங்கெட் நெசவு என்று நாட்டின் பட்டியல் நீண்டது. 2024-இல் மலேசியக் காலை உணவுப் பண்பாடும் ஏறியது. ஆக ரொட்டிச் சானாயும் தே தாரேக்கும் உலகப் பட்டியலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன, தோட்டத்து உறுமி இன்னும் ஊர்வல லாரிக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறது. பட்டியலில் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு கலைக்குப் பேர் கொடுத்தால் அதற்கு ஓர் இடமும் ஒரு வாத்தியார் சம்பளமும் கேட்க வாய் வரும்.

எழுதிச் சொன்ன அறிவுரை பலித்த கதையும் நம்மிடம் உண்டு. 1950, 51-இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். நாளிதழ் ஒன்று வாசகனுக்குச் சிறுகதை எழுதக் கற்றுத் தந்தது என்று இன்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அதில் பயின்றவர்களிலிருந்து மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு ஒரு வரிசையே கிடைத்தது. அதற்கு முன்னும் பத்திரிகைகளில் எழுத்தாளர்களுக்குப் புத்திமதி வந்துகொண்டுதான் இருந்தது. வகுப்பு வேலை செய்ததற்குக் காரணம், அங்கே பாடத்தோடு பயிற்சியும் இருந்தது. எழுதிப் பார்க்கிற கை வேண்டும், பார்த்துச் சொல்கிற கண் வேண்டும். உறுமிக்காரர் பையனின் கட்டை விரலைப் பிடித்ததும் அதே வகுப்புதான். தமிழ் நேசன் 1924-இல் பிறந்து 2019 தொடக்கத்தில் நின்றுபோனது.

இளைய கலைஞர்கள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். ஈப்போ இளைஞர்களின் நட்சத்ரா ராப் குழுவும் ராப் பாடகர் யோகி பி-யும் சேர்ந்து 2006-இல் ஆல்பம் போட்டபோது பல பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கவனித்துக் கேட்டால், மலேசியத் தமிழ் ராப்பில் பாதி புத்திமதிதான். குண்டர் கும்பலுக்குப் போகாதே, அம்மாவை அழவைக்காதே. ஐம்பதுகளின் நாடகத்தில் கள்ளுக்கடை இருந்த இடத்தில் இப்போது கும்பல். கேட்கிற பையன்கள் அதை அறிவுரை என்று நினைப்பதில்லை, அதனால் கேட்கிறார்கள்.

உறுமியும் செத்துவிடவில்லை. செத்தது அதன்மேல் முன்பு இருந்த வெட்கம். இன்று தாமான் பையன்கள் ஒரே நிறச் சட்டை போட்டு, குழுவுக்குப் பேர் வைத்து, தைப்பூசம், தீமிதி, கல்யாணம் என்று போகிறார்கள். அவர்களுக்குச் சாதிப் பேர் ஒட்டுவதில்லை. போலீசும் கோயில் கமிட்டியும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள், அது வேறு கதை. யூடியூபில் பார்த்துப் பழகுகிறார்கள். வேகம் இருக்கிறது, நிறுத்தம் இல்லை என்பது பழைய ஆட்களின் புகார். சாமி இறங்கும்போது மேளமும் கூடவே இறங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வீடியோவில் சாமி இறங்குவதற்குள் கிளிப் முடிந்துவிடுகிறது.

போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த உறுமிக்காரரைத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை. பழைய தோட்டத்துக் கோயிலில் இருப்பார் என்றார்கள். லயம் இருந்த இடம் முழுக்கச் செம்பனை. நடுவில் முனீஸ்வரர் கோயில் மட்டும் நிற்கிறது. தாமானில் சத்தம் என்று பக்கத்து வீட்டார் புகார் செய்ததால் பையன்கள் பயிற்சியை அங்கே மாற்றிவிட்டார்கள். எட்டுப் பேர், நாலு மோட்டார் சைக்கிள். மண்டபத்தில் திட்டு வாங்கிய பையனுக்கு உறுமிக்காரர் வைத்த பேர் குப்புசாமி, உறுமியைக் குப்புறப் போட்டதால். அவனும் இருந்தான்.

நான் போய்ச் சேர்ந்த சமயம் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் தோல் தொங்கிவிடும், வாசிக்க முடியாது. பையன்கள் உறுமிகளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, ரெயின்கோட் எடுத்துக் கிளம்பப் பார்த்தார்கள். கிழவர் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தார், அசையவில்லை.

"எங்க கெளம்பிட்டீங்க? மழ நாளுலதான்டா எங்களுக்கு ஒத்திகையே. உக்காருங்க. வாயால சொல்லுங்க."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர் தொடையில் தட்டி ஒரு நடையைச் சொன்னார். எட்டுப் பேரும் திருப்பிச் சொன்னார்கள். நடுவில் ஒருவன் முந்திவிட்டான். மறுபடியும் முதலிலிருந்து. தகரக் கூரையில் மழைச் சத்தம் அதிகமாக, கிழவரும் குரலை உயர்த்தினார்.